பாலத்துக்கு இந்தப் பக்கம்

சென்ற மாதம் மூன்று நர்ஸ் பெண்கள் பாலக்கரையில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் இப்போது வேலை செய்கிறவர்கள். மனநோயாளிகளுக்கென்று அங்கே புதிய வார்டு திறந்திருக்கிறார்களாம். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, நோயாளிகள் விளையாடக் கேரம் பலகை, வேளாவேளைக்கு மாத்திரை. கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

"உங்க காலத்துல இந்த மாத்திரை ஒண்ணுமே கிடையாதாமே சிஸ்டர். அப்ப நீங்கள்லாம் என்னதான் பண்ணுவீங்க?" என்று அவர்களில் சின்னவள் கேட்டாள்.

"பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றேன்.

மூவரும் சிரித்துவிட்டார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நான் கண்ட ஒரு மனிதரைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். சொல்லி முடித்தபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை. எழுந்து போகும்போது சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை எழுதி வையுங்க" என்றாள். எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் அப்பா பாலக்கரையில் குதிரை வண்டிக்குச் சக்கரம் செய்கிற தச்சர். பெண்ணை டீச்சராக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எனக்குக் கரும்பலகையைக் கண்டாலே பயம். சர்ச்சில் யாரோ சொன்னார்கள் என்று நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மலச்சட்டி கழுவினேன். ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். மேட்ரன் துரைசானி வந்தால் எழுந்து நின்றேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் வேலை நிரந்தரமானது. கொஞ்ச நாளில் என்னைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள்.

பின்கட்டு என்பது சலவைக் கொட்டகையை ஒட்டியிருந்த இரண்டு அறைகள். கம்பிக் கதவு, உயரத்தில் ஒரு சன்னல், உள்ளே ஒரு கட்டில். தெருவில் புத்தி பேதலித்துத் திரிகிறவர்களைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தும். அவர் பார்த்துவிட்டு, சில நாள் வைத்துக் கவனிக்கச் சொல்லி எங்களிடம் அனுப்புவார். உண்மையிலேயே மனநோயா, வேறு ஏதாவதா என்று டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். மனநோய் என்றால் மாஜிஸ்டிரேட் கையெழுத்துப் போடுவார். போலீஸ் காவலோடு மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏற்றுவார்கள். இல்லையென்றால் கதவைத் திறந்து விட்டுவிடுவோம். அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்க ஆள் கிடையாது.

பின்கட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் டாக்டர் கமாலுதீன். உறையூர்க்காரர். ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவார். நாற்காலியில் உட்கார மாட்டார். தனக்கென்று ஒரு குட்டை முக்காலி வைத்திருந்தார். நோயாளி கட்டிலில் இருந்தால் இவர் முக்காலியில். நோயாளி தரையில் கிடந்தால் இவரும் தரையில். "அவர் கண்ணுக்கு மேல என் கண்ணு இருக்கக் கூடாதும்மா, அப்புறம் அவரு போலீஸுக்குச் சொல்றதைத்தான் எனக்கும் சொல்லுவாரு" என்பார்.

தினமும் காலையில் ஒரே மாதிரிதான் தொடங்குவார். பெயர் கேட்பார். எந்த ஊர், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பார். நாக்கைப் பார்ப்பார். பிறகு, "அப்புறம்?" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த 'அப்புற'த்துக்குப் பிறகு வருகிற மௌனத்தை அவரைப் போலத் தாங்கிக்கொண்டவர்களை நான் பார்த்ததில்லை. 'ஏன்' என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே வராது.

சர்க்கார் சர்டிபிகேட்டில் இரண்டு பத்தி இருக்கும். டாக்டர் தானே கண்டது ஒன்று. பிறர் சொல்லக் கேட்டது மற்றொன்று. அவர் அதை வெறும் காகித விதியாக நினைக்கவில்லை. நான் ஒரு நாள், "இவர் முரடர் சார்" என்று ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லப்போக, "நீ பார்த்தியா, யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார். ஏட்டு சொன்னார் என்றேன். "அப்ப அது இரண்டாவது பத்தி. நீ என்ன பார்த்தேன்னு சொல்லு." யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் கஞ்சி கேட்டு டம்ளரால் கதவைத் தட்டியதைத்தான் நான் பார்த்திருந்தேன்.

பின்கட்டுக்கு வந்த புதிதில் இரண்டு பேர் என்னை அசர வைத்தார்கள்.

ஒருவர் பொன்மலைப் பக்கத்துக் கொல்லர். குடித்துக் குடித்து வேலை போனவர். கொண்டுவந்த மறுநாள் சுவரெல்லாம் கட்டெறும்பு என்று அலறினார். காற்றில் நூல் பிரித்தார். பெற்ற மகனை யாரென்று கேட்டார். இவர் இனி மனிதராவாரா என்று எனக்குச் சந்தேகம். டாக்டர் கட்டிப்போட விடவில்லை. மூக்கைத் துளைக்கிற தூக்க மருந்து, பார்லித் தண்ணீர், சாத்துக்குடிச் சாறு, ஈரத்துணி ஒற்றல், அவ்வளவுதான். ஒரு காலை நான் உள்ளே போனபோது அவர் கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, இது எந்த இடம்? ஒரு வாய் காபி கிடைக்குமா?" என்றார். காவிரியில் வெள்ளம் வடிந்ததும் முழுகிக் கிடந்த படிகள் ஒவ்வொன்றாகத் தெரியுமே, அப்படி அந்த முகத்தில் ஒரு மனிதர் தெரிந்தார். நான் காபி கொண்டுவர ஓடினேன்.

இன்னொருத்தி பச்சைமலையிலிருந்து பஞ்சம் பிழைக்க இறங்கி வந்தவள். கூட வந்த புருஷன் காய்ச்சலில் போய்விட, சந்தையில் மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள் என்று கொண்டுவந்தார்கள். பேச்சில்லை. புறங்கையும் கழுத்தும் தீயில் பட்டதுபோல் கறுத்து வெடித்திருந்தன. டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பைத்தியம் இல்லம்மா, பசி. நாள்பட்ட பசி மூளைக்கும் ஏறும்" என்றார். பால், முட்டை, ஈரல் சூப் என்று கொடுத்தோம். கையில் புதுத் தோல் வந்தது. அதன் பின்னாலேயே பேச்சும் வந்தது. முதலில் பேசியது தன் ஊர்ப் பெயரை. மலையடிவாரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தே ஏறிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

இவர்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. சாராயம் வடிந்தால் புத்தி திரும்பும், வயிறு நிறைந்தால் புத்தி திரும்பும் என்று. அந்தக் கணக்கெல்லாம் வரதராஜனிடம் பலிக்கவில்லை.

அவரைக் கொண்டுவந்தவர் ஒரு வயதான ஏட்டு. எப்போதும் கடுகடு என்றிருப்பார். "சீரங்கத்து ஐயங்காருங்க. படிச்ச ஆளு. தாலுகா கச்சேரியில குமாஸ்தாவா இருந்தவரு. குடிச்சே எல்லாத்தையும் தொலைச்சிட்டாரு. பெண்டாட்டி பிள்ளையை அம்போன்னு விட்டுட்டு வந்து வருஷக்கணக்கா காவிரிப் பாலத்துல நம்ம பக்கத்து முனையிலதான் கிடக்கிறாரு. யாரோ புண்ணியவான், வீட்டுல கொண்டுபோய் விடுவோம்னு ஜட்காவுல ஏத்தியிருக்கான். வண்டி பாலத்துல ஏறினதும் ஜட்காக்காரன் கையைக் கடிச்சுக் கொதறிட்டாரு" என்றார்.

தாடியும் சடையும் அழுக்குமாக ஒரு எலும்புக்கூடு. கால் இரண்டும் வீங்கியிருந்தன. கிட்டப் போனால் புளித்த கள் நெடி. நான் தண்ணீர் கொண்டுபோனேன். அந்த நிலையிலும் அவர் இரண்டு கையையும் குவித்து நீட்டி, "அடியேனுக்குக் கொஞ்சம் தீர்த்தம் சாதிக்கணும்" என்றார். பாலக்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி யாரும் தண்ணீர் கேட்டதில்லை.

நடுக்கமும் பிதற்றலும் கொல்லருக்கு வந்ததுபோலவே வந்தன. அதே மருந்து, அதே ஈரத்துணி. இதற்கிடையில் அவருடைய மைத்துனர் ஒருநாள் வந்தார். அறை வாசல் வரைகூட வரவில்லை. முற்றத்திலேயே நின்றுகொண்டு, "எங்களைப் பொறுத்தவரைக்கும் அவன் போயாச்சு. தலைமுழுகியாச்சு. எதானா ஆனாச் சொல்லி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு, கொல்லருக்கு ஆனதுபோலவே இவருக்கும் ஒரு நாள் வெள்ளம் வடிந்தது. பெயர் சொன்னார். ஊர் சொன்னார். நாவிதரை வரவழைத்துச் சவரம் செய்தோம். உள்ளேயிருந்து ஒரு லட்சணமான முகம் வெளிப்பட்டது. கோயில் கோஷ்டியில் பாசுரம் பாடிச் சேவித்தவர் என்று தெரிந்தது. அந்தக் குரலுக்காகவே ஆட்கள் வந்து நிற்பார்களாம்.

இனி இரண்டொரு நாளில் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்போதுதான் அவர் மோசமானார்.

நடுக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, எறும்பு இல்லை. கட்டிலின் மூலையில் ஒடுங்கிக் காதைப் பொத்திக்கொள்வார். தலையைச் சுவரில் மெல்ல மெல்ல மோதிக்கொண்டே இருப்பார். "ஒரு வாய் சாராயம் கொடுங்கோ, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று கெஞ்சுவார். குடிகாரர்கள் கெஞ்சுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். இவர் கண் எதையும் பார்க்கவில்லை, யார் பேச்சையோ கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். சலவைக் கொட்டகையில் துணி அடிக்கிற நேரத்திலும், பாத்திரங்கள் கடகடவென்று உருளுகிற நேரத்திலும் அவர் சற்று அமைதியாக இருந்தார். சத்தம் ஓய்ந்தால் காதைப் பொத்தினார். ஒருமுறை என்னிடம், "எதையாவது தட்டிண்டே இருங்கோளேன்" என்றார். நானும் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தட்டினேன். பார்ப்பவர்கள் யார் நோயாளி என்று குழம்பியிருப்பார்கள்.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். மறுநாள் காலை வெறுங்காலோடு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்டார். பிறகு வழக்கமான 'அப்புற'த்துக்குப் பதிலாக, "குடிச்சா என்ன நிக்குதுங்க?" என்றார்.

வரதராஜன் காதிலிருந்து கையை எடுத்தார். டாக்டரை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார்.

"பேச்சு நின்னுடறது" என்றார்.

"யாரோட பேச்சு?"

டாக்டர் காத்திருந்தார். கொட்டகையில் ஒரு மூட்டை துணி அடித்து முடிகிற நேரம் ஆகியிருக்கும்.

"என் குரல்தான். கோஷ்டியில சேவிப்பேனே, அதே குரல், அதே ராகம். ஆனா நான் சேவிக்கலை. அது தானாச் சேவிக்கறது."

"என்ன சேவிக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே போகட்டுமா என்று கண்ணாலேயே டாக்டரைக் கேட்டேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"குழந்தையை ஆத்துல போடுங்கறது."

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு துண்டு துண்டாக எல்லாம் வந்தது. ஒரு விடியற்காலை கோஷ்டியில் எல்லோரோடும் சேர்ந்து சேவித்துக்கொண்டிருக்கும்போதுதான் முதலில் கேட்டதாம். பெருமாளே சொல்கிறார் என்று பயந்தாராம். பெருமாள் இப்படிச் சொல்ல மாட்டார் என்று மறுகணமே தோன்றியதாம். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். காதில் பஞ்சு வைத்தார். பட்டினி கிடந்து பார்த்தார். ஒன்றுக்கும் அது அடங்கவில்லை. தாலுகா கச்சேரியில் பேனாவைப் பிடித்தபடி அதோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாராம்.

"ஒருநாள் கார்த்தாலே நெனவு வரச்சே கொள்ளிடத்துல நின்னுண்டிருக்கேன். இடுப்பு வரைக்கும் ஜலம். தோள்ல குழந்தை தூங்கிண்டிருக்கா. எப்படி அங்க போனேன்னு தெரியாது. ஓடிவந்து அவளை ஆத்துல விட்டுட்டேன்... ஐயோ, ஆத்துலன்னா நதியில்லை, எங்காத்துல, வீட்டுல விட்டுட்டேன்" என்று பதறித் திருத்தினார். "அன்னிக்குத்தான் முதமுதல்ல கள்ளுக்கடைக்குப் போனேன். குடிச்சா எல்லாம் மறக்கும்னு யாரோ சொல்லிக் கேட்டது. கள்ளு உள்ள போனதும் பேச்சு நின்னுடுத்து. எத்தனையோ மாசத்துக்கப்புறம் என் தலைக்குள்ள ஒரு நிசப்தம். நான் அழுதுட்டேன்."

அப்புறம் தினமும் குடித்தார். வேலை போனது. நாளாக நாளாக, குடித்தாலும் அது முழுசாக அடங்கவில்லை. ஒருநாள் கட்டிய வேட்டியோடு காவிரிப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டார். திரும்பிப் போகவே இல்லை.

"நடுவுல ஒரு நதி இருக்கு பாருங்கோ. பாலத்துக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறவரைக்கும் அவளுக்கு ஒண்ணும் வராது."

ஜட்காக்காரர் கையை அவர் ஏன் கடித்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது. ஊரெல்லாம் காறித் துப்பிய மனிதர். சோற்றுக்குக் கையேந்தி, புழுதியில் புரண்டு, உற்றார் தலைமுழுகிய மனிதர். அத்தனை நாளும் அவர் அங்கே ஒரு காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். தன்னிடமிருந்தே தன் குழந்தையை.

டாக்டர் முக்காலியிலிருந்து எழுந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அவருக்குத் தலை தாழ்த்தினார். எந்த நோயாளிக்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். வரதராஜன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம். கோமளம் பயந்துடுவா. குடிகாரன்னு நெனச்சுண்டா கோபம் மட்டுந்தான். அதோட போகட்டும்."

"அந்தக் குழந்தை தகப்பனுக்குத் தான் வேண்டாதவளாப் போயிட்டோம்னு நினைச்சே வளரணுமா?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியில் சம்மதித்தார். குழந்தையை மட்டும் அழைத்துவரக் கூடாது என்றார்.

அவர் மனைவி கோமளம் தனியாக வந்தாள். நாலைந்து வீடுகளில் சமைத்து மகளை வளர்க்கிறவள். நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு, நைந்த புடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நாங்க என்ன குத்தம் பண்ணினோம்? குடிக்கறதுக்கு நான் என்ன குறை வச்சேன்? அதை மட்டும் அவர் வாயால சொல்லட்டும்" என்றாள்.

டாக்டர் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னார். மெதுவாக, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னார். அவள் முகத்தில் முதலில் நம்பிக்கையில்லை. கொள்ளிடம் என்றதும் மட்டும் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அன்னிக்குக் கார்த்தாலே குழந்தை பாவாடையெல்லாம் மணல்" என்றாள். "அப்பா தூக்கிண்டு போனார்னு மழலையில சொன்னா. கனவு கண்டிருக்கான்னு நெனச்சேன். ஆனா பாவாடை ஈரமா இருந்துது. இத்தனை வருஷமா எனக்கு அது புரியலை."

அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். "இப்பவும் கேக்கறதா அவருக்கு?" என்று கேட்டாள்.

"கேக்குதும்மா."

"குடியும் இல்லாம?"

"ஆமா. இப்ப இன்னும் பலமாக் கேக்குது."

அவள் எழுந்து அறைப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். வரதராஜன் அவளைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கம்பிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள்.

"நம்ம வைதேகி நன்னா வாசிக்கறா. கணக்குதான் அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களாட்டம் இடது கையால எழுதறா, டீச்சர் திட்டறா. நம்மாத்துக் கொல்லைத் தென்னை இடி விழுந்து போயிடுத்து. போன வெள்ளத்துல வாசல் வரைக்கும் ஜலம் வந்துது..."

பேசிக்கொண்டே போனாள். யார் யாருக்குக் கல்யாணம் ஆனது, எந்தத் தெருவில் யார் தவறிப்போனார்கள், குழந்தைக்கு அம்மை போட்டது, முதல் பல் விழுந்தது. விட்டுப்போன வருஷங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துக் கம்பி வழியாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"நிறுத்தாதே, பேசு" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. "நீ பேசறச்சே அது தூரத்துல கேக்கறது."

உச்சி வெயில் ஏறும்வரை பேசினாள். நான் என் வேலைகளை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். டாக்டர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். காது பொத்தாமல் வரதராஜன் அவ்வளவு நேரம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவரை வீட்டுக்கு அழைத்துப்போவதாகக் கோமளம் பிடிவாதம் பிடித்தாள். வைதேகியை அண்ணா வீட்டில் விட்டுவிடுவதாகவும், தான் அவர் பக்கத்திலேயே பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னாள். டாக்டர் தன்னிடம் அந்தக் குரலை நிறுத்துகிற மருந்து இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். முடிவு செய்தது வரதராஜன்தான்.

"நீ எத்தனை நாள் பேசுவே? தூங்க வேண்டாமா? நீ கண்ணசந்த நேரத்துல என் பிடி நழுவினா? என்னை மெட்ராஸுக்கே அனுப்பிடுங்கோ. அங்க சுவர் உசரமா இருக்குமாமே. காவலை அவா பார்த்துப்பா. நான் கொஞ்சம் தூங்கணும் டாக்டர்."

மாஜிஸ்டிரேட் கையெழுத்துப் போட்டார். காலை வண்டி. காவலுக்கு வந்தவர் அதே ஏட்டு. ஸ்டேஷன் வரை அவரோடு நானும் போக வேண்டும் என்று கோமளம் சொல்லியிருந்தாள், டாக்டரும் அனுப்பி வைத்தார். மகளை அவர் ஒருமுறை பார்க்கட்டும் என்று கோமளம் கேட்டிருந்தாள். அதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார். குழந்தை எதிர் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், நடுவில் தண்டவாளம் இருக்க வேண்டும், தன் கையைக் கட்டியிருக்க வேண்டும்.

விலங்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். வரதராஜன் தானே கையை நீட்டி, "கட்டுங்கோ" என்றார். ஏட்டு முணுமுணுத்துக்கொண்டே தன் துண்டை எடுத்து இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினார்.

வண்டி வருவதற்கு முன்னால் எதிர் பிளாட்பாரத்தில் கோமளம் வந்து நின்றாள். அவள் முன்னால் பச்சைப் பாவாடையில் ஒரு பெண். பத்து, பதினொரு வயதிருக்கும். இரட்டைப் பின்னல். வரதராஜன் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. உள்ளே அந்தக் குரல் என்ன பாடு படுத்திக்கொண்டிருந்ததோ, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

முந்தின நாளே கோமளம் மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு, மூட்டை முடிச்சும் ஜனமுமாக இருந்த அந்தப் பிளாட்பாரத்தில், அவர் நின்ற திசையைப் பார்த்துக் கீழே விழுந்து சேவித்தாள். போகிறவர்கள் விலகி நின்றார்கள்.

வரதராஜன் கையைத் தூக்கப்போனார். கட்டியிருந்த கை நெஞ்சுக்கு மேல் வரவில்லை. திகைத்துப்போய் அந்தத் துண்டையே பார்த்தார். ஏட்டு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்தார்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி அவர் தன் மகளை ஆசீர்வதித்தார். அவள் எழுந்து நிற்கும்வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு கையை இறக்கி, மறுபடி ஏட்டிடம் நீட்டினார்.

"இல்ல சாமி, வேணாம்" என்றார் ஏட்டு.

"கட்டிடுங்கோ" என்றார் வரதராஜன் சாந்தமாக. ஏட்டு கட்டினார்.

மெட்ராஸில் அவர் குணமாகவில்லை. அந்தக் குரல் அவரை விடவும் இல்லை. ஆனால் அந்தச் சுவருக்குள் அவர் தூங்கினார் என்று கோமளம் சொன்னாள். அங்கே தோட்ட வேலை செய்தார். பிறகு குடிக்கவில்லை, குடிக்கவும் அங்கே வழியில்லை. முடிந்தபோதெல்லாம் அவள் ரயிலேறிப் போய், பொழுது சாயும்வரை அவர் எதிரில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். திரும்பி வரும்போது என் வீட்டில் இறங்கி, அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் பாலம் தாண்டுவாள்.

யுத்தம் முடிந்த பிறகு வைதேகிக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் நடந்தது. அவர் அப்போதும் மெட்ராஸில்தான் இருந்தார். எனக்கு அழைப்பு வந்தது. வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தாலி கட்டி முடிந்து, ஜனங்கள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த நேரம். பிள்ளை வீட்டைச் சேர்ந்த ஒரு மாமி, என் காதிலேயே விழும்படி, கோமளத்திடம் கேட்டாள்.

"பொண்ணோட தோப்பனார் குடிச்சே குடும்பத்தை அழிச்சவராமே?"

பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோமளத்தின் அண்ணா, அன்றைக்குத் தலைமுழுகிவிட்டதாகச் சொன்னாரே அவர்தான், தலையைக் குனிந்துகொண்டார். கோமளம் குனியவில்லை.

"ஆமாம், குடிச்சார்" என்றாள், பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அதனாலதான் என் பொண்ணு இன்னிக்கு மணையில உக்காந்திருக்கா."

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்திக்கு இலை போடப் போனாள்.